மீனவர் நோட்டின் நிறம்

நெதன்யா, இஸ்ரேல்
12 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ரங்கநாயகி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் இங்கே சௌக்கியம். நீங்களும் அண்ணியும் என் மகளும் அங்கே சௌக்கியந்தானே? பீளமேட்டில் பனி அதிகம் என்று தேஜஸ்ரீ சொன்னாள். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளாமல் வெளியே போகாதீர்கள்.

போன வாரம் வீடியோவில் அரை மணி நேரம் உங்களிடம் பேசினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர்கள். கடைசியில் அண்ணி வந்து, "அவருக்கு ஒண்ணுமே கேக்கலீங்க அம்மணி, சும்மா தலையாட்டிட்டு இருக்காரு" என்று காட்டிக்கொடுத்துவிட்டார். மில் எந்திரம் உங்கள் காதைக் கொண்டுபோனதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள். இனி முக்கியமானதெல்லாம் கடிதத்தில்தான். உறையைக் கிழிக்காமல் பிரியுங்கள், தபால்தலை நன்றாக இருக்கிறது.

நான் பார்த்துக்கொள்ளும் பெரியவர் யாக்கோவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். தாத்தாவை இங்கே 'சபா' என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். வாலிபத்தில் பஸ் ஓட்டியவர். அவரிடம் இந்த நாட்டின் பழைய நோட்டுகள் ஒரு ஆல்பம் நிறைய இருக்கின்றன. என் அண்ணாவும் பழைய நோட்டு சேர்க்கிறார் என்றேன். அன்று முழுக்க அவருக்குக் கால் வலி தெரியவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, இரண்டை எடுத்து என் கையில் வைத்தார். "ஒரு டிரைவர் கொடுத்ததென்று உன் அண்ணனிடம் சொல்" என்றார்.

இரண்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்றில் ஒரு பெண் ஆரஞ்சுப் பழக் கூடையுடன் நிற்கிறாள். மற்றதில் வலையைத் தோளில் போட்ட மீனவர். என்ன ஏதென்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தேஜஸ்ரீ கல்லூரிக்கு நேரத்துக்குப் போகிறாளா? அண்ணிக்கு என் நமஸ்காரம்.

உங்கள் தங்கை,
ரங்கநாயகி

*

பீளமேடு, கோயம்புத்தூர்
2 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை ரங்கம்மாவுக்கு,

அண்ணன் சீனிவாசலு ஆசீர்வாதம். இங்கு அனைவரும் நலம். உன் மகள் நேரத்துக்குப் போகிறாள், நேரத்துக்குத்தான் வருவதில்லை. அண்ணி பார்த்துக்கொள்கிறாள்.

உன் கடிதம் வந்த அன்று நான் சாப்பிட மறந்தேன். ஆரஞ்சுக்காரி அரை லிரா, மீனவர் ஒரு லிரா. இரண்டும் 1958ஆம் வருடத்தவை. அவர்கள் எழுத்துகளாலேயே வருடத்தை எழுதுகிறார்கள், தெரியுமா? ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு. கூட்டினால் 718. அதோடு 1240 சேர்த்தால் நம் வருடம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் காகிதத்துக்குள்ளிருந்து அதே மீனவர் முகம் எட்டிப் பார்க்கிறது. அச்சு அசல்.

மீனவர் நோட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. நோட்டு ஒன்றுதான், ஆனால் வரிசை எண்ணை முதலில் கறுப்பிலும், பிறகு சிவப்பிலும், பிறகு பழுப்பிலும் அச்சடித்திருக்கிறார்கள். நம்முடையது சிவப்பு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் முத்தலிப் பாய்க்குத்தான். கோட்டைமேட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாரே, அவர். எந்த நாட்டு நோட்டானாலும் அரபி எழுத்து இருந்தால் சேர்ப்பார். இதன் பின்பக்கம் அரபியும் இருப்பதால் எங்கள் நோட்டு சேர்ப்போர் மாதக் கூட்டத்தில் என் பக்கத்தை விட்டு நகரவில்லை. கடைசியில், "நாயுடு, இது பழுப்புங்க" என்று என் காதருகே கத்தினார். "ஏனுங்க பாய், ஊருக்கே கண்ணாடி போட்டு உடறீங்க, உங்க கண்ணுப் புரையை எப்பங்க எடுப்பீங்க?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். காதில் விழவில்லை, வாய்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த டிரைவர் அய்யாவுக்கு என் வணக்கத்தைச் சொல். உடம்பைக் கவனித்துக்கொள்.

அன்புள்ள அண்ணன்,
சீனிவாசலு

*

நெதன்யா
2 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம், அங்கும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

வேலை கொஞ்சம் அதிகம். சபாவுக்கு மறதி கூடிவிட்டது. சில நாள் காலையில் என்னையே யாரென்று கேட்கிறார். அவருடைய மகள் ரூத் அடிக்கடி வந்து பார்த்துக்கொள்கிறார்.

அண்ணா, அந்த மீனவர் நோட்டின் எண் சிவப்புதானா? இன்னொரு முறை பார்த்துச் சொல்கிறீர்களா? அவசரமில்லை. சும்மாதான் கேட்கிறேன்.

தேஜஸ்ரீயிடம் இதைக் கேட்டேன் என்று சொல்ல வேண்டாம்.

தங்கை,
ரங்கநாயகி

*

பீளமேடு
23 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

ஆசீர்வாதம். நலம், நலமறிய ஆவல்.

சிவப்புதான். இத்தனை வருடமாக நோட்டு பார்க்கிறேன், எனக்கு நிறம் தெரியாதா? தேஜஸ்ரீ அதைப் போனில் படம் பிடித்தபோதும் சிவப்பாகத்தான் வந்தது. ஏன் கேட்கிறாய்? பாய் ஏதாவது உனக்குத் தூது விட்டாரா?

பங்குனி உத்திரத்துக்குச் சென்னிமலை போகலாம் என்கிறாள் உன் அண்ணி. வரும்போது உனக்கு இரண்டு போர்வை வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். உன் கடிதம் இந்த முறை ரொம்பச் சின்னது. உறைக்குள் இன்னொரு தாள் இருக்கிறதா என்று உதறிக்கூடப் பார்த்தேன்.

அன்புள்ள அண்ணன்,
சீனிவாசலு

*

நெதன்யா
13 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். எல்லோருக்கும் என் புத்தாண்டு வாழ்த்துகள்.

அந்த மீனவர் நோட்டை எனக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஆரஞ்சுக்காரி உங்களிடமே இருக்கட்டும். காரணம் கேட்காதீர்கள், அண்ணா. உங்களுக்குக் கொடுத்ததைக் கேட்டு வாங்குவது எனக்கும் சங்கடந்தான். ஆனாலும் அனுப்புங்கள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

ரங்கநாயகி

*

கோட்டைமேடு, கோயம்புத்தூர்
4 மே 2025

அன்புத் தங்கச்சிக்கு,

அப்துல் முத்தலிப் எழுதுவது. இறைவன் அருளால் நீங்கள் நல்ல சுகத்துடன் இருக்க துஆ செய்கிறேன். உங்கள் முகவரி, நாயுடு எனக்குக் காட்டிய உறையில் இருந்தது. போனில் பேசலாம் என்றால் நம்பருக்குத் தேஜஸ்ரீயைக் கேட்க வேண்டும், பிள்ளை ஏனென்று கேட்கும். அதனால்தான் இந்தக் கடிதம். நான் எழுதுவது உங்கள் அண்ணனுக்குத் தெரியாது.

உங்கள் கடைசிக் கடிதத்துக்கு அவர் ஏன் பதில் எழுதவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நோட்டு அவர் கையில் இல்லை. சிவப்பா பழுப்பா என்ற எங்கள் வழக்கு முடியவே இல்லை. தாராபுரத்தில் அங்கப்பன் என்று ஒருவர், புண்ணாக்கு வியாபாரம். அவரிடம் மூன்று நிறமும் இருக்கின்றன. பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லட்டும் என்று போன கூட்டத்தில் அவரிடம் கொடுத்தனுப்பினோம். அவர் மகள் பிரசவத்துக்காகக் குடும்பத்தோடு பெங்களூர் போய்விட்டார். வீடு பூட்டிக் கிடக்கிறது. "தங்கச்சி கேட்டு அனுப்ப முடியலீங்க பாய்" என்று உங்கள் அண்ணன் என் கடைக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறார். டீ ஆறிப்போகிறது, குடிப்பதில்லை.

தங்கச்சி, என் கடைக்கு வருகிறவர்கள் கண்ணில் என்ன கோளாறு என்று நேராகச் சொல்ல மாட்டார்கள். எழுத்து சின்னதாக அச்சடிக்கிறான் என்பார்கள். ஒரு நோட்டின் நிறத்தை ஒரு கடிதத்தில் கேட்டு, அடுத்த கடிதத்தில் நோட்டையே திருப்பிக் கேட்டால், விஷயம் நோட்டைப் பற்றியது இல்லை என்று எனக்குப் படுகிறது. அங்கே என்ன நடந்தது? அண்ணனிடம் சொல்ல முடியாததாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். வீட்டில் சித்திகாவும் உங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்னாள்.

உங்கள் அண்ணனின் நண்பன்,
அப்துல் முத்தலிப்

*

நெதன்யா
18 மே 2025

மரியாதைக்குரிய முத்தலிப் அண்ணனுக்கு,

ரங்கநாயகி வணக்கம். சித்திகா அக்காவுக்கும் என் அன்பு. உங்கள் கடிதத்தைக் குளியலறையில் நின்று படித்தேன். அழுதால் வெளியே கேட்காதிருக்கக் குழாயைத் திறந்துவிட்டேன்.

பிப்ரவரிக் கடைசியில் ரூத் அம்மா சபாவின் ஆல்பத்தைத் துடைத்து அடுக்கினார். மீனவர் நோட்டுக்கு அதில் மூன்று உறைகள். கறுப்பு, சிவப்பு, பழுப்பு என்று சபாவே எழுதி வைத்திருக்கிறார். சிவப்பு உறை மட்டும் காலி. என்னிடம் கேட்டார். சபா என் அண்ணாவுக்கு ஒரு மீனவர் கொடுத்தார், என்ன நிறமென்று நான் கவனிக்கவில்லை என்றேன். அண்ணாவின் கடிதம் அப்போது கையில் இருந்தது. அதில் சிவப்பு என்று இருக்கிறதே. பொய் சொல்ல வரவில்லை. "சிவப்பு என்று அண்ணா எழுதியிருக்கிறார்" என்று நானே சொன்னேன்.

ரூத் அம்மா தன் அப்பாவிடம் போய், இவளுக்கு நோட்டு கொடுத்தீர்களா என்று கேட்டார். சபா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் யாருக்கும் கொடுக்கவில்லை. இந்த அம்மா யார்?" என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு நினைவில்லை. ரூத் அம்மாவும் சத்தம் போடவில்லை. நோட்டு திரும்பி வந்தால் இத்தோடு விட்டுவிடுகிறேன், வராவிட்டால் ஏஜென்சியிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். அன்றிலிருந்து அலமாரிகளைப் பூட்டுகிறார். மருந்து எடுக்கக்கூட அவரைக் கேட்டு நிற்கிறேன். ஏஜென்சிக்குப் போனால் என் விசா போய்விடும், தேஜஸ்ரீயின் படிப்பு நின்றுவிடும். நோட்டைத் திருப்பிக் கொடுத்தால் எடுத்தது நான்தான் என்று ஆகிவிடும். எந்தப் பக்கம் போனாலும் திருடிதான்.

இதை அண்ணாவிடம் சொல்லாதீர்கள். தன் ஒரு வார்த்தையால் வந்தது என்று தெரிந்தால் அவர் தாங்க மாட்டார்.

ரங்கநாயகி

*

பீளமேடு
5 ஜூன் 2025

என் ரங்கம்மாவுக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். பாய் மேல் கோபப்படாதே. உன் கடிதத்தை என் முன்னால் வைத்துவிட்டு, கடைக்குள் போய்க் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். படித்து முடித்தேன். மூன்று மாதம் நீ தனியாகச் சுமந்திருக்கிறாய். நான் போர்வையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

அங்கப்பன் ஊர் திரும்பிவிட்டார் என்று தகவல் வந்ததும் நானும் பாயும் உன் மகளும் தாராபுரம் பஸ் ஏறினோம். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. படம் எடுக்க ஆள் வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் எனக்கு ஒரே வேண்டுதல்தான். முருகா, என் கண் பொய்யாகப் போகட்டும் என்று. இத்தனை வருடத்தில் நான் ஜெயிக்க வேண்டும் என்றுதான் நோட்டு பார்த்திருக்கிறேன். தோற்க வேண்டும் என்று போனது இதுதான் முதல் தடவை.

அங்கப்பன் கடை வாசலில் நல்ல வெயில். சலவை வேட்டி ஒன்றை விரித்தார். தன்னுடைய மூன்று மீனவர்களையும் அதன்மேல் வரிசையாக வைத்தார். நம்முடையதைச் சிவப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்தேன். அந்தச் சிவப்பு, பழுத்த மிளகாய் மாதிரி இருந்தது. நம்முடையது அதன் பக்கத்தில் வெறும் புளி நிறம்.

"அதெய அந்தப் பக்கம் வைங்க" என்றார் பாய்.

பழுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். ரங்கம்மா, ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"பழுப்புத்தானுங்க நாயுடு. உங்க ஊட்டு டியூப்லைட்ல பாத்துப்போட்டு சிவப்புன்னு சொல்லிப்போட்டீங்களாட்டம் இருக்குது" என்றார் அங்கப்பன். காதருகே கத்தித்தான் சொன்னார். அதற்குள் எனக்குக் கண் மறைத்துவிட்டது. பாயின் கையைப் பிடித்துக்கொண்டேன். "தோத்துட்டனுங்க பாய்" என்றேன். "தோத்தீங்க, தோத்தீங்க" என்று அவர் என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஏன் இந்தக் கிழங்கள் ஒரு நோட்டுக்கு அழுகின்றன என்று உன் மகள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது கேள். அவர்கள் ஆல்பத்தில் பழுப்பு உறை காலி இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் அய்யாவிடம் பழுப்பில் இரண்டு இருந்தன. உபரியாக இருந்ததை உனக்குக் கொடுத்திருக்கிறார். காணாமல் போன சிவப்புக்கும் உனக்கும் சம்பந்தமில்லை. நான்கையும் சேர்த்து தேஜஸ்ரீ எடுத்த படம் உனக்கு வந்திருக்கும். படத்தை நம்பாவிட்டால் நோட்டே பேசட்டும் என்று இன்று பதிவுத் தபாலில் தனியாக அனுப்பிவிட்டேன். இது திருடியவள் திருப்பித் தருவது அல்ல. பார்த்துவிட்டுத் திருப்பித் தாருங்கள் என்று அந்த அம்மாவிடம் தலை நிமிர்ந்து சொல்.

என் தவற்றால் வந்தது. இனி வெயிலில் வைத்துப் பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டேன்.

அண்ணன்,
சீனிவாசலு

*

நெதன்யா
20 ஜூலை 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் நலம். உண்மையிலேயே நலம்.

ஜூனில் இங்கே கொஞ்சம் சத்தமாக இருந்தது, உங்களுக்கும் செய்தி வந்திருக்கும். விமானமும் தபாலும் நின்றுபோயின. தேஜஸ்ரீயிடம் போனில் சொன்னது போல எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சைரன் அடித்தால் சபாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கெட்டிச்சுவர் அறைக்குள் தள்ளிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். ரூத் அம்மாவும் அந்த நாட்களில் எங்களோடுதான் தங்கினார். சபாவின் ஒரு கை அவரிடம், ஒரு கை என்னிடம். முதல் இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. பிறகு ஒரு மத்தியானம், உள்ளே உட்கார்ந்திருந்தபோது, "நீ ஏன் ஊருக்குப் போகக் கேட்கவில்லை?" என்றார். "சபாவை யார் தூக்குவார்கள்?" என்றேன்.

படத்தை முன்பே காட்டியிருந்தேன். போனில் நிறம் எப்படி வேண்டுமானாலும் மாறித் தெரியும் என்று ரூத் அம்மா சொல்லியிருந்தார். உங்கள் பதிவுத் தபால் எங்கெங்கோ தங்கி, ஜூலை ஆரம்பத்தில்தான் வந்தது. உறையை நான் பிரிக்கவில்லை, அவர் கையிலேயே கொடுத்தேன். ஆல்பத்தை பால்கனி வெயிலுக்குக் கொண்டுபோனார். பழுப்பு உறையிலிருந்த நோட்டை எடுத்து நம்முடையதன் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சாவிக்கொத்தை எடுத்து என் கையில் வைத்து, விரல்களை மூடினார். "ரங்கா, என்னை மன்னிக்க வேண்டும்" என்றார்.

அதோடு முடிந்திருந்தாலே எனக்குப் போதும். ஆனால் போன வாரம் அவர் மகள் மாயா வந்தாள். வெளிநாட்டில் படிக்கிறவள், விமானம் ஓடத் தொடங்கியதும் தாத்தாவைப் பார்க்க ஓடி வந்தாள். சாப்பிடும்போது ரூத் அம்மா நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஸ்பூனைக் கீழே வைத்தாள். தன் போனின் மேலுறையைக் கழற்றினாள். உள்ளே மடித்து வைத்த மீனவர், எண் பளிச்சென்று சிவப்பு. போன வருடம் படிக்கக் கிளம்பும்போது துணைக்கு இருக்கட்டும் என்று சபா கொடுத்தாராம். அவருக்கு அதுவும் நினைவில்லை. பேத்தி கையிலிருந்த நோட்டைப் பார்த்து, "அழகாக இருக்கிறதே, எங்கே வாங்கினாய்?" என்று கேட்டார். மூன்று பேரும் சிரித்தோம், சிரிப்போடு ரூத் அம்மா அழுதார்.

நேற்று, நான் கேட்காமலேயே, ரூத் அம்மா தீபாவளிக்கு ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு வா என்று டிக்கெட் போடச் சொல்லிவிட்டார். உங்கள் நோட்டைக் கொண்டுவருகிறேன்.

முத்தலிப் அண்ணனிடம் சொல்லுங்கள், அவர் கண்ணில் புரை இல்லை. தேஜஸ்ரீக்கு இனி எல்லாவற்றையும் சொல்லலாம். இப்போதெல்லாம் படுத்ததும் தூங்கிவிடுகிறேன், அண்ணா.

உங்கள் தங்கை,
ரங்கநாயகி

*

பீளமேடு
10 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கை ரங்கம்மாவுக்கு,

அண்ணனின் ஆசீர்வாதங்கள். உன் கடிதத்தை அண்ணிக்கு ஒரு முறை, பாய்க்கு ஒரு முறை, எனக்கே இரண்டு முறை வாசித்தேன். அண்ணி உடனே சாமிக்கு விளக்கேற்றினாள். பாய் கடையை மூடிவிட்டு எங்களை பிரியாணி சாப்பிடக் கூட்டிப்போனார்.

இந்த மாதக் கூட்டத்தில் நானே எழுந்து நின்று, நான் சொன்னது தவறு, பாய் சொன்னதுதான் சரி என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். மனசு லேசாக இருக்கிறது. பாய்தான் அதற்குக் கூச்சப்பட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

ஜூன் மாதத்தைப் பற்றி நீ கவலைப்படாதே. நாங்கள் இங்கே தைரியமாகத்தான் இருந்தோம். டிவி பார்த்தால் வீண் பயம் வரும் என்று நான் அதைப் போடவே இல்லை. வேளைக்குச் சாப்பிட்டேன், வேளைக்குத் தூங்கினேன்.

ஏர்போர்ட்டுக்கு நான் வருவேன். டாக்சியில் வந்துகொள்கிறேன் என்று சொல்லாதே.

அன்புள்ள அண்ணன்,
சீனிவாசலு

அம்மா, தேஜஸ்ரீ எழுதறேன். மாமா ஒட்டக் கொடுத்தார், ஒட்டுறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். டிவி போடவே இல்லையாம். அங்க சண்டை ஆரம்பிச்ச அன்னைக்குக் காலைல காப்பியோட டிவி முன்னாடி உக்காந்தவர் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் எந்திரிக்கலை. சத்தத்தை முழுசா வெச்சுட்டார். ரெண்டாவது நாள் பக்கத்து ஊட்டு பிரீத்திகா அக்கா வந்து, "ஏனுங்க மாமா, உங்களுக்குத்தான் கேக்காதே, எதுக்குங்க இவ்வளவு சத்தம்?" அப்படின்னு எழுதிக் காட்டினாங்க.

மாமா டிவியை விட்டுக் கண்ணை எடுக்காம சொன்னார்: "எனக்குக் கேக்காட்டிப் போகுதுங்க அம்மணி. எங்க ரங்கம்மா இருக்கற ஊரு பேரச் சொன்னா, ஊட்டுல யாருக்காச்சும் கேக்கோணுமில்லீங்க."

வெரசா வாங்கம்மா.